அவசரக் கதவுக்குப் பூட்டு எதற்கு?

போன மாதம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தீ ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். பாதுகாப்பு அலுவலர் வேலைக்குப் புதியவர், சுறுசுறுப்பான பையன். அவசரக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சாவி. "தீப்பிடித்தால் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்ளலாம் சார்" என்றார். எனக்குப் பகீரென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே பெட்டியை மாட்டியவன்.

சிகரெட், பிய்ந்த வயர், காலாவதியான தீயணைப்பான் பற்றியெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு, வேறு சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பூட்டிய கதவு

தைத்த துணி திருடுபோகிறது என்றுதான் பூட்டுகிறார்கள். சரி, சாவிதான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். நான் பெட்டி மாட்டிய ஆலையில் நடந்த முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. முன்னால் வந்த பெண் கண்ணாடியை உடைத்தார், சாவியையும் எடுத்தார். பூட்டில் நுழைக்கத்தான் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்கியதில் அவர் கை கதவுக்கும் உடம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. போதாததற்கு அது உள்பக்கம் திறக்கிற கதவு. "பின்னால போங்க" என்று கத்தினோம். பத்து பேருக்குப் பின்னால் நிற்பவருக்கு என்ன கேட்கும்? புகை இல்லை, விளக்கு எரிகிறது, ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் கதவு திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கையில் பூட்டின் வளைவு சிவப்பாகப் பதிந்திருந்தது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. எல்லோரையும் ஒரே வழியில் விட்டுப் பையைச் சோதிப்பதற்காக அப்படி. 101 ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் மறுபடியும் பூட்டிய வழிகள், ஜன்னலில் கம்பி. 250 பேருக்கு மேல் போய்விட்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குச் சர்வதேசத் தரச்சான்று கொடுத்திருந்தார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திருட்டுப் பயம் இருந்தால் பையை வெளிக் கேட்டில் சோதியுங்கள். கதவில் உடம்பால் தள்ளினாலே திறக்கிற குறுக்குக் கம்பி போடுங்கள். திறந்தவுடன் மணி அடிக்கிற மாதிரி வைத்தால் யாரும் திருட்டுத்தனமாகப் போக முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இவ்வளவுதான் செலவு.

மணி அடித்ததும் "உட்காருங்க" என்பது

டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் 2012 நவம்பர் 24 அன்று தீ எச்சரிக்கை மணி அடித்தது. மேலாளர்கள் தொழிலாளர்களைத் திரும்ப வேலைக்கே அனுப்பினார்கள். தரைத்தளத்தில் துணியும் நூலும் எரிந்துகொண்டிருந்தன, படிக்கட்டுகளும் அங்கேதான் இறங்கின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொய் மணியா என்பதை எல்லோரும் வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். லைனை நிறுத்தியதற்காக சூப்பர்வைசரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை யோசிப்பார்.

படிக்கட்டில் அட்டைப்பெட்டி

ஷிப்மென்ட் நாளிலும் கூடாது.

மோட்டார்மேல் பஞ்சுத் தூசி

ஊதித் தள்ளாதீர்கள், உறிஞ்சி எடுங்கள்.

உள்ளேயே இருக்கும் வருகைப் பதிவேடு

வெளியே வந்து தலை எண்ணும்போது பதிவேடு மூன்றாவது மாடி மேசையில் இருக்கும். ஒரு நகல் கேட்டில் இருக்கட்டும். அப்புறம், ஒப்பந்த ஆட்கள், பெட்டி ஏற்ற வந்தவர்கள், பொருள் கொண்டுவந்த டிரைவர், எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவர்களைத்தான் யாரும் தேட மாட்டார்கள்.