முதல் நிலைக் கேரக்டரின் போர்த்திறன்களைப் பயன்படுத்துவது எப்படி? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் செய்முறை விளக்கம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானபோது, ஆட்டக்காரர் தன் கேரக்டருக்குத் தேர்ந்தெடுக்கக்கூடிய கிளாஸ்கள், அதாவது தொழில் வகைகள், மூன்றுதான்: போர்வீரர், மந்திரவாதி, மதகுரு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் பன்னிரண்டு கிளாஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாகத் திறன்களும் இருக்கின்றன. ஒரு திறன் என்ன செய்யும் என்பதைப் புதியவர்கள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள். அதைச் செய்ய எதைச் செலவிட வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (தந்திரக்காரத் திருடர்), பார்பேரியன் (மூர்க்க வீரர்) ஆகிய மூன்று கிளாஸ்களின் தொடக்கத் திறன்களைக் கொண்டு அந்தக் கணக்கை இங்கே பார்க்கலாம்.

படி 1: எந்த விதிகள் என்று கேளுங்கள்

ஐந்தாம் பதிப்பின் திருத்தப்பட்ட கையேடு 2024இல் வெளிவந்தது. ஒரே பெயருள்ள திறன் இரண்டிலும் வேறு மாதிரி இயங்கக்கூடும். எடுத்துக்காட்டாக, பாலடின் என்ற புனித வீரர் கிளாஸின் டிவைன் ஸ்மைட் திறனுக்கு 2014 விதிகளில் ஆக்‌ஷன் எதுவும் செலவாகாது. 2024 விதிகளில் போனஸ் ஆக்‌ஷன் செலவாகும். (இந்தச் சொற்களைப் படி 2 விளக்கும்.) ஆகவே உங்கள் குழு எதைப் பின்பற்றுகிறது என்று, ஆட்டத்தை நடத்துபவரான டன்ஜன் மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகள் அனைத்தும் 2014 விதிகளின்படியானவை. அந்த விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைப்பதால், புத்தகம் வாங்காமலும் தொடங்கலாம்.

படி 2: ஒரு முறையில் உங்களுக்குக் கிடைப்பது என்ன?

போரின் ஒரு சுற்று கதையில் ஆறு வினாடி. உங்கள் முறை வரும்போது நீங்கள் நகரலாம். ஓர் ஆக்‌ஷன் செய்யலாம். ஏதேனும் ஒரு திறனோ விதியோ இடம் கொடுத்தால் மட்டும் ஒரு போனஸ் ஆக்‌ஷனும் செய்யலாம். இவை தவிர, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன் உண்டு. அதைப் பிறர் முறையிலும் பயன்படுத்தலாம். கைக்கெட்டும் தொலைவில் இருந்த எதிரி விலகி ஓடும்போது அவன்மீது வீசும் வெட்டு இந்த ரியாக்‌ஷனைத்தான் செலவழிக்கிறது.

படி 3: ஒவ்வொரு திறனிடமும் நான்கு கேள்விகள்

கேரக்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு திறனுக்கும் நேராக நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எதைச் செலவழிக்கிறது, என்ன நிபந்தனை, எத்தனை தடவை, எப்போது திரும்பக் கிடைக்கும். கடைசிக் கேள்விக்கான விடை பெரும்பாலும் ஷார்ட் ரெஸ்ட் அல்லது லாங் ரெஸ்ட் என்றுதான் இருக்கும். முன்னது குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு, பின்னது எட்டு மணி நேர ஓய்வு. திறனைத் தாராளமாகச் செலவிடுவதா, இறுக்கிப் பிடிப்பதா என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

படி 4: ஃபைட்டர்

முதல் நிலை ஃபைட்டருக்கு செகண்ட் விண்ட் என்ற திறன் உண்டு. ஒரு போனஸ் ஆக்‌ஷனைச் செலவிட்டு, ஒரு பத்துமுகப் பகடையை உருட்டி, அதனுடன் ஃபைட்டர் நிலையைக் கூட்டி அத்தனை ஹிட் பாயிண்டுகளை (உயிர்ப் புள்ளிகளை) மீட்டுக்கொள்ளலாம். முதல் நிலையில் சராசரி 6.5. இது போனஸ் ஆக்‌ஷன் என்பதால் அதே முறையில் வாளும் வீசலாம். ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பி வருவதால் இதைப் பதுக்கி வைப்பதில் பயனில்லை. 12 ஹிட் பாயிண்டுள்ள ஃபைட்டர் 6க்கு இறங்கியதுமே பயன்படுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. 9 இருக்கும்போது பயன்படுத்தினால் பகடையின் பெரும்பகுதி வீணாகும். 2 வரும்வரை காத்திருந்தால் அதற்கு முன்பே விழுந்துவிடக்கூடும்.

இரண்டாம் நிலையில் ஆக்‌ஷன் சர்ஜ் சேர்ந்து, ஒரே முறையில் இன்னோர் ஆக்‌ஷனைத் தரும். அதுவும் ஷார்ட் ரெஸ்டில் மீளும்.

படி 5: ரோக்

புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த கிளாஸ்தான், ஏனெனில் நிபந்தனைகளைப் படிக்கும் பழக்கத்தை இதைப் போல வேறெதுவும் கற்றுத் தருவதில்லை. இதன் ஸ்னீக் அட்டாக் முதல் நிலையில் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை சேதம் தரும். எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஓய்வும் தேவையில்லை. ஒரு முறைக்கு ஒரு தடவை என்பதுதான் கட்டுப்பாடு. ஒளிந்திருந்தே தாக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்களுக்கு அட்வாண்டேஜ், அதாவது இருபதுமுகப் பகடையை இரு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, இருக்க வேண்டும். அல்லது இலக்குக்கு ஐந்து அடிக்குள் அதன் செயலிழக்காத வேறோர் எதிராளி, அதாவது உங்கள் தோழர், நிற்க வேண்டும். இரண்டாவது வழியில் உங்களுக்கு டிஸ்அட்வாண்டேஜ் (இரு தடவை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டிய நிலை) இருக்கக் கூடாது. ஆயுதம் ஃபினெஸ் (குறுவாள் போல லாவகமாக வீசும்) வகையாகவோ, தொலைவிலிருந்து தாக்கும் வகையாகவோ இருக்க வேண்டும்.

கணக்கில் பார்ப்போம். காப்ளின் என்ற குட்டி அரக்கனின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் 7. உங்கள் ரோக்கின் தாக்குதல் கூட்டல் +5 என்றால், இருபதுமுகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; வாய்ப்பு 55 விழுக்காடு. அடி பட்டுவிட்டது என்று கொள்வோம். குறுவாளின் ஆறுமுகப் பகடையும் +3 டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) மட்டும் இருந்தால், அந்தப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் காப்ளின் சாகும். அதாவது பாதி வாய்ப்பு. ஸ்னீக் அட்டாக் சேர்ந்தால் இரு பகடைகளின் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டாலே போதும். வாய்ப்பு ஏறத்தாழ 92 விழுக்காடாகிவிடும். ஆகவே உங்கள் ஃபைட்டர் தோழர் எந்தக் காப்ளினுடன் மல்லுக்கட்டுகிறாரோ அதையே குறிவையுங்கள். வில் வைத்திருந்தால் தள்ளி நின்றே இதைச் செய்யலாம். ஆனால் எதிரி ஒருவன் உங்களுக்கு ஐந்து அடிக்குள் வந்துவிட்டால் வில்லுக்கு டிஸ்அட்வாண்டேஜ் வரும். அத்துடன் ஸ்னீக் அட்டாக்கும் போய்விடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரு கைகளிலும் குறுவாள் இருந்தால் போனஸ் ஆக்‌ஷனில் இரண்டாவது தடவை தாக்கலாம். அந்த அடியின் சேதத்தில் +3 சேராது என்றாலும், இரண்டில் ஒன்றாவது படும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. முதல் அடி தவறினால் ஸ்னீக் அட்டாக் இரண்டாவதில் சேரும். இரண்டாம் நிலையில் கனிங் ஆக்‌ஷன் வந்ததும் இதில் சிக்கல் எழுகிறது. ஓடவும், அடிபடாமல் விலகவும், ஒளியவும் அது உதவும். ஆனால் அதற்கும் தேவை அதே போனஸ் ஆக்‌ஷன். இரண்டாவது வாளா, பின்வாங்கலா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். முதல் அடியே பட்டுவிட்டால் பின்வாங்குவதுதான் நல்லது.

படி 6: பார்பேரியன்

பார்பேரியனின் ரேஜ் (வெறி) என்ற திறனைத் தொடங்குவதற்கும் போனஸ் ஆக்‌ஷன் செலவாகும். அப்போது நீங்கள் வாங்கும் வெட்டு, குத்து, மோதல் ஆகிய மூவகைச் சேதமும் பாதியாகும். ஸ்ட்ரெங்த் (வலிமை) கொண்டு அருகிலிருந்து தாக்கும் அடிகளில் +2 சேதம் கூடும். கனரகக் கவசம் அணிந்தால் இந்தப் பயன்கள் கிடையா. முதல் இரண்டு நிலைகளில், ஒரு லாங் ரெஸ்டுக்கு இரண்டே தடவைதான். ஒரு நிமிடம் வரை, அதாவது பத்துச் சுற்றுகள் வரை நீடிக்கும். ஆனால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் நீங்கள் எதிரியைத் தாக்காமலும் சேதம் வாங்காமலும் இருந்துவிட்டால் முன்பே தீர்ந்துவிடும். எதிரி நூறு அடி தள்ளி நிற்கும்போது ரேஜைத் தொடங்குவது வீண்.

படி 7: ஒத்திகைப் போர்

கதை தொடங்குவதற்கு முன், ஒரு ஃபைட்டரும் ஒரு ரோக்கும் சேர்ந்து இரண்டு காப்ளின்களை எதிர்க்கும் ஒத்திகைப் போரை நடத்தித் தருமாறு டன்ஜன் மாஸ்டரிடம் கேளுங்கள். முதல் நிலையில் இது எளிய சண்டை அல்ல. திறன்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையிலும் ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் மூன்றில் எது மீதமிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு முடியுங்கள். காப்ளினையும் கவனியுங்கள். போனஸ் ஆக்‌ஷனில் அடிபடாமல் விலகவோ ஒளியவோ அதற்கும் திறன் இருப்பதால், ஓடும்போது வெட்டலாம் என்று காத்திருந்த உங்கள் ரியாக்‌ஷன் பல சுற்றுகளில் பயன்படாமலே போகும்.