அம்மம்மான்ர தாலாட்டைக் கொயருக்குக் கொண்டுவாறது எப்பிடி

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் மியூசிக் படிச்ச ஆள் இல்லை. ஸ்காபரோவில ஞாயிற்றுக்கிழமையள்ல இருபது பேர் மட்டில சேர்ந்து பாடுற ஒரு சின்னக் கொயருக்குப் பாட்டு ஒழுங்குபடுத்திக் குடுக்கிறன், அவ்வளவுதான். பிழைவிட்டுப் பழகினதைத்தான் எழுதுறன்.

ரெக்கோட் பண்ணுறதுதான் முதல் வேலை. அம்மம்மாவைக் கதிரையில இருத்தி "பாடுங்கோ" எண்டால் பாடமாட்டா, "எனக்கென்ன பாட்டு வரும்" எண்டுவா. அதால முதல்லயே ஒருக்கா கேட்டு ஓமெண்டு சொல்லவச்சிட்டு, பிறகு ஒருநாள் அவ கீரை ஆய்ஞ்சுகொண்டு இருக்கேக்க போனைப் பக்கத்தில வச்சிட்டுச் சும்மா கதை குடுங்கோ. பாட்டு வரும், இடையில நிக்கும், "சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில இதைப் பாடித்தான் உன்னை நித்திரையாக்கினனான்" எண்டு ஒரு கதை வரும், பிறகு அடுத்த வரி மறந்துபோகும். ஒண்டையும் வெட்டாதேங்கோ. மறந்த இடத்தில கொயரும் நிக்கட்டும், இன்ரநெட்டில தேடி அந்த வரியை நிரப்பப் போகாதேங்கோ.

இனி ஒழுங்குபடுத்துறது. நான் முதல்தரம் செய்தது படு மோசம், பியானோ கோர்ட் போட்டு மூண்டு எண்ணிக்கைத் தாளத்துக்குள்ள பாட்டைத் திணிச்சன், "ஆராரோ ஆரிவரோ" பள்ளிக்கூடக் கீதம் மாதிரி வந்து நிண்டுது. தொட்டில் ஆட்டுறவ மெட்ரோனோம் எண்ட தாளக் கருவியைப் பாத்து ஆட்டுறதில்லை. இப்ப பேஸ் ஆக்களுக்கு, அதுதான் ஆகக் கீழ்க்குரலில பாடுற ஆம்பிளையளுக்கு, 'ஸ', 'ப' எண்ட ரெண்டு ஸ்வரம் மட்டும்தான் குடுக்கிறன், மூச்சை மாறிமாறி எடுத்தால் சுருதி அறாமல் போய்க்கொண்டே இருக்கும். அதுக்கு மேல ஒரு ஆள் மட்டும் பாட்டைச் சொல்ல, மற்றாக்கள் வரியின்ர கடைசிச் சொல்லைப் பிடிச்சு வாங்கிப் பாடவேணும். கூத்துப் பாத்த ஆக்களுக்கு விளங்கும், இது எங்கட பிற்பாட்டுத்தான். எஸ்தோனியாவில வெல்யோ தோர்மிஸ் எண்டவர் 1970இல இருந்து 1989 வரைக்கும் அழிஞ்சுகொண்டு போற சின்னச் சின்ன இனங்களின்ர பழைய பாட்டுகளை ஆறு தொகுதியாக் கொயருக்கு எழுதினவர், அங்கத்தைய நாட்டுப்பாட்டிலயும் ஒராள் சொல்லச் சனம் கடைசி அசையில சேர்ந்து திருப்பிப் பாடுற வழக்கம்தான். கேட்டுப்பாருங்கோ, ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தாலும் அலுக்காது.

சுருதியை அம்மம்மாட்டையே எடுங்கோ. பொம்பிளையளுக்கு வழக்கமா 5 கட்டை எண்டாலும் வயசு போகப் போகக் குரல் கீழ இறங்கியிருக்கும், அந்த இடத்தில பொம்பிளையளுக்குள்ள கீழ்க்குரல்காரரான ஆல்டோதான் வசதியாப் பாடும், மேல்குரல் சோப்ரானோ ஆக்கள் முகத்தைச் சுழிப்பினம், சுழிக்கட்டும்.

ஊர்ப்பேரையும் பாட்டாக்கலாம், எனக்கு இதுதான் ஆகப் பிடிச்ச பகுதி. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி வருதெண்டு யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத்துச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டுது, கனசனம் மழைக்குள்ள செம்மணியால போய் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. செம்மணி, நாவற்குழி, கைதடி, நுணாவில், சாவகச்சேரி, இந்தப் பேருகளை நாலு குரலும் வேற வேற நேரத்தில மெல்லத் தொடங்கி ஒண்டுக்கு மேல ஒண்டு விழுற மாதிரிச் சொல்லவேணும். ஆனா "நாவற்குழி" வரேக்க எல்லாரும் ஒரே ஸ்வரத்துக்கு ஒடுங்கி வரவேணும், ஏனெண்டால் அந்த வழியால போன அவ்வளவு சனமும் அந்த ஒரு பாலத்துக்குள்ளாலதான் நெருக்கிப் போனது. உங்கட குடும்பம் வேற வழியால வந்திருந்தால், கிளாலியோ மன்னாரோ, அந்தப் பேருகளைப் போடுங்கோ. எண்களும் பாடலாம், கரோலைன் ஷா எண்ட அமெரிக்க இசையமைப்பாளர் 2016இல எழுதின கொயர் பாட்டு ஒண்டில ஒவ்வொரு நாட்டிலயும் இடம்பெயர்ந்த ஆக்களின்ர எண்ணிக்கையையே பாடவச்சிருக்கிறா. நாங்கள் எடுத்தது சின்ன எண்கள், வெளிக்கிடேக்க கொண்டுபோனது: சைக்கிள் 1, உரபாக் (சாமான் கட்டின உரச் சாக்கு) 2, பிள்ளையள் 4.

இங்க பிறந்த பிள்ளையளுக்கு இங்கிலீசு எழுத்தில மட்டும் எழுதிக் குடுத்தால் உச்சரிப்பு நாசம். மெல்லச் சொல்லி ரெக்கோட் பண்ணி வட்ஸ்அப்பில போடுங்கோ. "எண்டு" எண்டதை "என்று" எண்டு திருத்தவேண்டாம், அம்மம்மா அப்பிடிப் பாடேல்லை.

செத்த ஆக்களின்ர பேர் வருதெண்டால் அந்த வீட்டுக்காரரிட்டக் கேளுங்கோ. எங்கட சித்தி ஒரு பேரை எடுக்கச் சொன்னவ, எடுத்திட்டம், அந்த இடத்தில இப்ப சுருதி மட்டும்தான் போகும்.

கொன்சேர்ட்டுக்கு முதல் ஒரு ஒத்திகைக்கு அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கட ஆள் முழுக்கக் கேட்டிட்டு, "இவ்வளவு பேர் கத்தினால் பிள்ளை எப்பிடி நித்திரை கொள்ளும்?" எண்டா. அண்டைக்கே எல்லாரையும் பாதிக் குரலில பாடச் சொல்லிப்போட்டன்.