நீர் மாத்திரை: பழகிப்போனதால் வரும் தவறுகள்

இதயச் செயலிழப்புக்கு, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை வருடக்கணக்கில் போகும். பழகப் பழக அதன்மேல் ஓர் அலட்சியமும் வந்துவிடுகிறது. "கால் வீக்கம் வடிந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று தானாகவே நிறுத்திவிடுபவர்கள் நிறைய. வடிந்ததே மாத்திரையால்தான்! இதயம் பலவீனமாக இருக்கும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலருக்கு அளவைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீக்கத்தை மட்டும் நம்பியிருப்பதும் தவறுதான். கால் வீங்கித் தெரிவதற்குள் உடலில் லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்திருக்கலாம். முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது எடைதான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை போட்டதல்ல, நீர்தான். மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். எடை இறங்கிக்கொண்டே போய், எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது என்றாலும் சொல்ல வேண்டும். அப்போது நீர் அளவுக்கு மீறிப் போகிறது. வாந்தி, பேதி வந்த நாட்களிலும் வழக்கமான அளவை யோசிக்காமல் விழுங்கிவிட வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் உப்பு. மாத்திரைதான் இருக்கிறதே என்று கை தாராளமாகிவிடும். நீர் மாத்திரைகளில் ஒன்றான ஃபுரோசமைடு, வாய்வழி எடுத்தால் வேலை செய்வது ஏறக்குறைய 6 மணி நேரம். அது ஓய்ந்ததும் சிறுநீரகம் விட்டதைப் பிடிக்கப் பார்க்கும். சாப்பாட்டில் உப்பு அதிகமிருந்தால் காலையில் போனதெல்லாம் இரவுக்குள் திரும்பிவிடும். சரி, சோடியம் குறைந்த மாற்று உப்புக்கு மாறலாமா? அவற்றில் பலவற்றில் இருப்பது பொட்டாசியம். ஃபுரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை தேக்கி வைக்கும். இரண்டாவதை எடுப்பவருக்கு அந்த உப்பு இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். நன்றாக இருக்கிறோமே என்று பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது) பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் இதனால்தான். பொட்டாசியம் கூடுவது, குறைவது என இரண்டு பக்கமும் அறிகுறியே இல்லாமல் எல்லை மீறலாம்.

இரண்டாவது வேளை இருந்தால் மாலைக்கு முன்பே போட்டுவிடலாம், தூக்கம் கெடாது.

யாரும் சந்தேகப்படாத எதிரி ஒன்று உண்டு: மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகள். இவை உடலில் உப்பைத் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையை மட்டுப்படுத்தி, சிறுநீரகத்தையும் வாட்டும். வலி மாத்திரை வாங்கும்போது, இதயத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுவதை மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.