வேலையில் சேரும் நாளும் ஐ-9 படிவமும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் நீங்கள் சேரும் இடம் பெரிய மென்பொருள் நிறுவனமோ, நியூ ஜெர்சியில் நம்மவர் நடத்தும் மளிகைக் கடையோ, உங்கள் அடையாளத்தையும் வேலை அனுமதியையும் சரிபார்க்கும் ஐ-9 என்னும் படிவத்தை நிரப்பாமல் வேலை தொடங்காது. 1986ஆம் ஆண்டின் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம் இதை முதலாளியின் கடமையாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 6க்குப் பிறகு வேலைக்கு எடுக்கப்பட்ட அனைவருக்கும், அந்நாட்டுக் குடிமக்கள் உட்பட, இது பொருந்தும். எனவே எச்.ஆர். அலுவலர் ஆவணம் கேட்பதை அவநம்பிக்கை என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் அவர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு என்பது, புதிதாக வருபவர்களில் பலருக்கும், சில சமயம் அந்த அலுவலருக்கும்கூட, தெரிவதில்லை.

படிவத்தின் முதற்பகுதியை நீங்களே நிரப்ப வேண்டும். வேலை வாய்ப்பை ஏற்றுக்கொண்ட பின்னர் எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம். ஆனால் சம்பளத்துக்கான முதல் நாள் வேலை முடிவதற்குள் கையெழுத்து இருந்தாக வேண்டும். அதில் உங்கள் நிலையைக் குறிக்க நான்கு கட்டங்கள் உள்ளன. இரண்டாவது கட்டத்தில் ‘நேஷனல்’ என்ற சொல்லைக் கண்டதும், ‘நான் இந்தியன் நேஷனல்தானே’ என்று அங்கே குறியிட்டுவிடுபவர்கள் உண்டு. அந்தக் கட்டம் அமெரிக்கன் சமோவா போன்ற பகுதிகளில் பிறந்தவர்களுக்கானது. எச்-1பி (திறன்சார் பணி விசா), எஃப்-1 (மாணவர் விசா), எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) போன்ற நிலைகளில் வேலை அனுமதியுடன் இருப்பவர்களுக்கு உரியது நான்காவது கட்டம். அனுமதி முடியும் நாளையும் அங்கே எழுத வேண்டும். அவசரத்தில் முதல் கட்டத்தில், அதாவது குடிமகன் என்ற இடத்தில், குறியிட்டுக் கையெழுத்திட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாகக் கொள்ளப்பட்டுப் பின்னாளில் பச்சை அட்டைக்கே தடையாகக்கூடும் என்பதால், அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராக ஏறி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, அதாவது முதற்பெயர் தெரியாது) என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே பெயர் மட்டும் உள்ளவர் அதைக் கடைசிப் பெயருக்கான இடத்தில் எழுதி, முதற்பெயருக்கான இடத்தில் ‘அன்நோன்’ என்று எழுத வேண்டும் என்பது ஐ-9க்கான அறிவுரை. விமானத்தில் வந்து இறங்கியதும் ஐ-94 என்னும் நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, பெயர், விசா வகை, முடிவு நாள் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் ‘டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்’ எனப்படும் சுங்கத் துறை அலுவலகத்தில் திருத்திக்கொண்ட பிறகே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிப்பது நல்லது.

இரண்டாம் பகுதி முதலாளியுடையது. நீங்கள் வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வேலை நாள்களுக்குள் மூல ஆவணங்களைப் பார்த்து அவர் அதை நிரப்ப வேண்டும். படிவத்தோடு வரும் ஏற்கத்தக்க ஆவணப் பட்டியல்களில், ஏ பட்டியலில் உள்ள ஆவணம் ஒன்று போதும்; இல்லையேல் அடையாளத்துக்காக பி பட்டியலிலிருந்து ஒன்றும், வேலை அனுமதிக்காக சி பட்டியலிலிருந்து ஒன்றும் வேண்டும். எச்-1பியில் வந்தவர் தம்மை அழைத்த நிறுவனத்தில் சேரும்போது பாஸ்போர்ட்டும் ஐ-94ம் சேர்ந்து ஏ பட்டியல் ஆவணமாகும். ஓ.பி.டி. எனப்படும், படிப்பு சார்ந்த பயிற்சி வேலை அனுமதியில் இருக்கும் மாணவருக்கும் எச்-4 துணைவருக்கும் வேலை அனுமதி அட்டை ஒன்றே போதும். ஆனால் அட்டையில் உள்ள தொடக்க நாளுக்கு முன்பு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். முதலாளி ‘இதைத்தான் கொண்டுவா’ என்று சொல்ல முடியாது.

நான் வந்த புதிதில் ஒரு சிறு நிறுவனத்தின் அலுவலர், பாஸ்போர்ட்டும் ஐ-94 தாளும் மேசைமேல் இருக்கும்போதே, ‘சோஷியல் செக்யூரிட்டி கார்டு வந்த பிறகு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கார்டு வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லுபடியாகும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. அந்த வரி உள்ள கார்டை சி பட்டியல் ஆவணமாக ஏற்கவே கூடாது என்பதுதான் விதி. எனக்கு இரண்டு வாரச் சம்பளம் போனது, ஐ-9க்கு உதவாத ஓர் அட்டைக்காக.

சம்பளக் கணக்குக்கும் டபிள்யூ-4 வரிப் படிவத்துக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் தேவைதான். ‘ஈ-வெரிஃபை’ என்னும் இணையச் சரிபார்ப்பில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்கும் அது தேவை. அரிசோனா போன்ற சில மாநிலங்களில் ஈ-வெரிஃபை கட்டாயம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்கான ஓ.பி.டி. நீட்டிப்பு பெறுபவரின் நிறுவனமும் அதில் இருந்தாக வேண்டும். எண் இன்னும் வரவில்லை என்றால், வரும்வரை சரிபார்ப்பைத் தள்ளிவைத்து உங்களை வேலை செய்ய விட வேண்டும். பெயர் பொருந்தாமல் முரண்பாடு என்று முடிவு வந்தாலும் வேலை போய்விட்டதாக நினைக்க வேண்டாம். முதலாளி அதைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த முடிவை மறுக்கிறேன் என்று நீங்கள் சொன்னால், அவர் வழக்கை மேலே அனுப்பிய நாளிலிருந்து 8 அரசு வேலை நாள்களுக்குள் உரிய துறையைத் தொடர்புகொள்ள வேண்டும். முடிவு வரும்வரை வேலைநீக்கமோ சம்பளக் குறைப்போ செய்யக் கூடாது.

பிறந்த நாட்டைக் காரணம் வைத்து அதிகப்படியான ஆவணம் கேட்டால், நீதித் துறையின் குடியேறியோர் மற்றும் ஊழியர் உரிமைப் பிரிவிடம் 180 நாள்களுக்குள் முறையிடலாம். பெயரைச் சொல்லாமல் தொலைபேசியில் விசாரிக்கவும் முடியும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு உள்ள பாதுகாப்பு, பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இருக்கும் அளவுக்கு விரிவானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு விசா நிலையில் உள்ளவருக்கு எச்-1பி மனு போட மறுப்பது, பெரும்பாலும் நிறுவனத்தின் உரிமையாகவே கருதப்படுகிறது.

வேலை அனுமதி முடியும் நாளுக்குள் நிறுவனம் உங்களை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். பச்சை அட்டை காலாவதியானால் மட்டும் அது தேவையில்லை. எச்-4 வேலை அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவுடன் முன்பு கிடைத்துவந்த தானியங்கி நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை. ஆகவே அட்டை முடிவதற்கு 180 நாள்கள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகிறது என்பதற்காக ஐ-94 நாளைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.