தடுப்பூசிக்குப் பின் தோள் தூக்க முடியவில்லையா? இழப்பீடு கேட்கும் வழி

தடுப்பூசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிப்பது வழக்கம்; தானே போய்விடும். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் தோளில் வலி பிடித்து, வாரக்கணக்கில் விடாமல், சட்டை மாட்டக்கூடக் கை மேலே போகவில்லை என்றால் அது வேறு. ஊசி, தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதைப்பிடிப்பான இடத்தில் இறங்க வேண்டும். அதற்கு மேலே குத்திவிட்டால் மருந்து மூட்டை ஒட்டிய திரவப் பையில் இறங்கி, அங்கே அழற்சி உண்டாகலாம். தடுப்பூசி போட்ட முறையால் தோளுக்கு வரும் இந்தக் காயத்தை ‘சிர்வா’ (SIRVA) என்பார்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் முதல் ஓ.பி. சீட்டில்தான். அதில் ‘தோள்வலி’ என்று மட்டும் இருந்தால், நீங்கள் மீனவர் என்பதால் "வலை இழுத்து இழுத்து வந்த தேய்மானம்" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். எந்தக் கை, ஊசி போட்ட தேதி, எத்தனை மணி நேரத்தில் வலி, முன்பு அந்தத் தோளில் தொல்லை இருந்ததா என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். ஊசி போட்ட இடத்திலும் சொல்லி, பக்கவிளைவாகப் பதியச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ‘ஊசியால் வந்தது’ என்று காரணத்தோடு எலும்பு மருத்துவர் தரும் கருத்தும் தேவை. மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

காசு கொடுத்துப் போட்ட ஊசி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 ஆண்டு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. மதுரையில் போட்டிருந்தாலும், நீங்கள் குடியிருப்பது பாம்பனோ தொண்டியோ என்றால் ராமநாதபுரத்திலேயே மனு போடலாம். முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) நோட்டீஸ் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி. அப்போது சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும், 15100-க்குப் பேசுங்கள்.

பலர் சறுக்குவது வருமானக் கணக்கில். பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மீன் ஏல ரசீது, படகு உரிமையாளரின் பங்குக் கணக்கு, சங்கத்தின் சான்று ஆகியவற்றைச் சேருங்கள். பாசி எடுக்கும் பெண்கள் வியாபாரியிடம் எடை போட்ட துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். விசைப்படகில் போகிறவர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 தடைக்கால நாளை இழந்த வருமானத்தில் சேர்க்காதீர்கள். அந்த ஒரு பிழையைக் காட்டியே மொத்தக் கணக்கும் பொய் என்று வாதிடுவார்கள்.