எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சாச்சு, சொந்தமா ரூம் போடலாமா?

மே மாதம் பிறந்தால் போதும், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்த யாராவது ஒரு ஜூனியரிடமிருந்து போன் வந்துவிடும். "அக்கா, கோர்ஸ் முடிஞ்சிருச்சு. ஒரு ரூம் எடுத்து பிரைவேட்டா தெரபி பண்ணலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

போடலாம், ஆனால் இந்த வருஷம் வேண்டாம் என்பேன். எதிர்முனையில் சத்தம் குறைந்துவிடும். ஒவ்வொருத்தரிடமும் அரைமணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது. நான் திருச்சியில் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர், அதாவது மனநலத் துறைச் சமூகப் பணியாளர். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி வேலை, அதன் பிறகு தில்லைநகரில் மாடியில் ஓர் அறை. நான் வந்த வழியும், வழியில் தடுக்கி விழுந்த இடங்களும் கீழே.

படி 1: ஃபீல்டு ஒர்க்கை கையெழுத்துக்காகச் செய்யாதீர்கள்

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடப் படிப்பு. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், கோவை பி.எஸ்.ஜி., திருச்சி பிஷப் ஹீபர் என்று தமிழ்நாட்டில் இதற்குக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சிறப்புப் பாடம் எடுக்கும்போது மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் எடுங்கள். கம்பெனி வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று எச்.ஆர். பக்கம் போனவர்கள், நாலு வருஷம் கழித்து இந்தப் பக்கம் திரும்ப நினைக்கும்போது ரொம்ப சுற்ற வேண்டியிருக்கிறது.

எந்தக் கல்லூரி என்பதைவிட முக்கியம் ஃபீல்டு ஒர்க் என்ற களப்பயிற்சியில் எழுதும் ரெக்கார்டிங். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் பேசிய பேச்சை அப்படியே எழுத வேண்டும். வலப்பக்கம் அந்த நேரத்தில் உங்கள் மனதில் ஓடியது. உதவிக்கு வந்த ஒருவரோடு பேசிய என் முதல் ரெக்கார்டிங்கில் இப்படி இருந்தது:

அவர்: ராத்திரி தூக்கமே வர்றதில்லம்மா.
நான்: கவலைப்படாதீங்க, சரியாயிடும்.

என் சூப்பர்வைசர் சிவப்பு மையால் அந்தக் "கவலைப்படாதீங்க"வைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த ஒரே பக்கத்தில் ஒன்பது வட்டம். "இதை யாருக்காகச் சொன்ன? அவருக்கா, உனக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத்தான். அவர் சொல்லப்போவதைக் கேட்க எனக்குப் பயம். அடுத்த வாரம் அதே மனிதரிடம், "தூக்கம் வராம படுத்திருக்கும்போது என்ன நினைப்பு ஓடும்?" என்று கேட்டேன். இருபது நிமிஷம் பேசினார். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக்கடன் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெயர், ஊர், அடையாளங்களை மையால் அடித்துவிட்டு வைத்திருங்கள்.

படி 2: சட்டம் உங்களை என்ன பெயரில் அழைக்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்' யார் என்று அதில் விளக்கம் உண்டு: சமூகப்பணியில் முதுகலைப் பட்டம், அதோடு மேற்பார்வையில் மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பெங்களூரு நிமான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., அசாமில் தேஜ்பூர் மனநல நிறுவனம், டெல்லி இப்காஸ் ஆகியவை இந்த எம்.ஃபில்-க்குப் பேர்போன இடங்கள். நுழைவுத் தேர்வு உண்டு, இடங்களோ கொஞ்சம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. 2022 விதிமுறைகளில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) எம்.ஃபில்-ஐயே எடுத்துவிட்டது. பிறகு கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே இனி சேரப்போகிறவர்கள் என்னைப் போன்ற பழைய ஆட்களின் பேச்சை நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்தந்த வருட அறிவிப்பைப் படியுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் 2017 சட்டத்தில் சொன்ன தகுதி கிடைக்குமா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ.வோடு நிறுத்திக்கொண்டு கவுன்சலராக நன்றாக வேலை செய்கிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தச் சட்டப்பெயர் மட்டும் கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் சமூகப் பணியாளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். சைக்கியாட்ரிக், மெடிக்கல், கிளினிக்கல் மூன்று வகையும் பெயர் சொல்லியே இருக்கிறது. பதிவு என்று வரும்போது காட்ட வேண்டியிருக்கும். மார்க்‌ஷீட், பயிற்சிச் சான்று, அனுபவச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

படி 3: சம்பளத்துக்கு வேலை பாருங்கள், ஐந்து வருஷமாவது

அரசு மாவட்ட மனநலத் திட்டம், தனியார் மனநல ஆஸ்பத்திரி, குடிநோய் மீட்பு மையம், மனநலத் தொண்டு நிறுவனம், எதுவானாலும் சரி. சம்பளம் சுமார்தான், ஒப்பந்த வேலையாகவும் இருக்கும். போகத்தான் வேண்டும். ஏனென்றால் தனி அறையில் உட்கார்ந்தால் தப்பைச் சுட்டிக்காட்ட பக்கத்தில் ஆள் இருக்காது.

இந்த வருஷங்களில் முதலில் கற்க வேண்டியது, பேச்சால் தீராதது எது என்று. காதில் குரல் கேட்கிறது என்பவர், நாலு நாளாகத் தூங்காமல் கடனுக்கு மூன்று பைக் புக் செய்தவர், பிரசவமாகி பத்தாம் நாள் குழந்தையைத் தொடவே மறுக்கும் பெண், இவர்களை வார்டில் நேரில் பார்த்திருந்தால்தான் பின்னால் உங்கள் அறைக்குள் வரும்போது அடையாளம் தெரியும். டிப்ரஷன் என்று எனக்கு அனுப்பப்பட்ட ஓர் அம்மாவுக்குக் கடைசியில் தைராய்டு குறைவு. ரத்தப் பரிசோதனைக்கு எழுதச் சொன்னது என் புத்திசாலித்தனம் இல்லை, வார்டு டாக்டர் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

இன்னொன்று, நம் தொழிலின் கண். சைக்காலஜி படித்த நண்பர்கள் டெஸ்ட் போடுவதில் கெட்டிக்காரர்கள். அந்த விஷயத்தில் நான் அவர்களிடம்தான் அனுப்புகிறேன். நாம் வீட்டைப் பார்க்கிறவர்கள். "படிக்கவே மாட்டேங்கிறான்" என்று கூட்டிவரப்பட்ட பதினேழு வயதுப் பையன் வீட்டுக்கு ஒருமுறை போனேன். ஒற்றை அறை. டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. அவனுடைய புத்தகப் பை தொங்கிய ஆணிக்குக் கீழேதான் அப்பா குடித்துவிட்டு வந்து படுக்கும் பாய். பையை எடுக்க வேண்டுமென்றால் அப்பாவைத் தாண்ட வேண்டும். ஆணியை இடம் மாற்றுவதில் ஆரம்பித்தது அந்த சிகிச்சை. தனியாகத் தொழில் தொடங்கியதும் பலர் இந்தக் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து தலையாட்டும் தெரபிஸ்ட் வேஷம் கட்டுகிறார்கள். நம்மிடம் இருக்கும் சரக்கே அதுதான், அதைப் போய்த் தொலைக்கலாமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 வகைகளில் மனநோயும் ஒன்று, அதற்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம் என்பதையெல்லாம் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வதும் நம் சிகிச்சையில் சேர்த்திதான்.

படி 4: ஒரு முறையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்

வார இறுதியில் இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழ் வாங்கிச் சுவர் முழுக்க மாட்டுவது இப்போது ஒரு வியாதி. சி.பி.டி.யோ (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), குடும்ப சிகிச்சையோ, ஒன்றைப் பிடித்து, அதில் பழுத்த ஒருவரிடம் உங்கள் கேஸ்களை மாதாமாதம் கொண்டுபோய் வையுங்கள். காசு கொடுத்துத்தான் சூப்பர்விஷன் வாங்க வேண்டும். நான் இன்றைக்கும் கொடுக்கிறேன்.

படி 5: பலகையில் என்ன எழுதுவது

2017 சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்களைப் பதிவு செய்வது மாநில மனநல ஆணையத்தின் வேலை. அங்கே பதிந்துகொள்ளுங்கள். பலகையில் பெயர், பட்டம், பதிவு எண் போதும். பிஎச்.டி. இல்லாமல் 'டாக்டர்' வேண்டாம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்றும் போட முடியாது. அது 1992 சட்டப்படி ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவர்களுக்கானது. மாத்திரை விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது. "பாதியா குறைச்சுக்கலாமா மேடம்?" என்று கேட்பார்கள். "உங்க டாக்டரைக் கேளுங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

படி 6: அறை

நான் பார்த்த முதல் மூன்று வீட்டில், "பைத்தியம் எல்லாம் வருமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். நான்காமவர் ஓய்வுபெற்ற வாத்தியார். "மாடிப்படியில செருப்பு சத்தம் போடாம இருந்தா சரி" என்றார்.

இரண்டு நாற்காலி ஒரே உயரத்தில் இருக்கட்டும். நடுவில் மேஜை வேண்டாம். சுவர்க்கடிகாரத்தை வருகிறவர் முதுகுக்குப் பின்னால் மாட்டுங்கள். நீங்கள் மணி பார்ப்பது அவர் கண்ணில் படாது. வெளியே காத்திருப்பவர் காதில் பேச்சு விழாமல் இருக்க கதவுப் பக்கம் ஒரு ஃபேன் ஓடினால் போதும், அந்த இரைச்சலே மறைத்துவிடும். இரண்டு பேருக்கு நடுவில் கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். சொந்த ஊரில், சொந்தக்காரன் எதிர்ப்படாமல் படியிறங்குவதே பலருக்குப் பெரிய நிம்மதி.

படி 7: முதல் போன், முதல் செஷன்

முதல் போன் பெரும்பாலும் சம்பந்தப்பட்டவரிடமிருந்து வராது. அம்மா பேசுவார்.

"மேடம், பையனைக் கூட்டிட்டு வரேன். நீங்கதான் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லணும்."

"தம்பிக்கு எத்தனை வயசும்மா?"

"இருபத்தி நாலு."

"இங்க வர்றது அவருக்குத் தெரியுமா?"

"பேங்க் வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துரலாம்னு..."

இங்கே வழுக்கிவிடாதீர்கள். பொய் சொல்லி அழைத்து வரப்பட்டவன் உங்கள் அறையில் பேச மாட்டான். அடுத்த முறை வரவே மாட்டான். நான் சொல்வது: "அம்மா, பொய் சொல்ல வேண்டாம். 'எனக்கு மனசு சரியில்ல, உன்னப் பத்திக் கவலையா இருக்கு, நான் போய் ஒருத்தங்களப் பாக்கப் போறேன், நீயும் வர்றியா'ன்னு கேளுங்க. அவர் வரலைன்னா நீங்க மட்டும் வாங்க." பாதிக் கேஸ்களில் அம்மா மட்டும்தான் வருவார். அதுவும் சிகிச்சைதான். அம்மா வீட்டில் பேசும் விதம் மாறினாலே மூன்றாம் வாரம் பையன் படியேறியிருக்கிறான்.

முதல் செஷனில் கதை கேட்பதற்கு முன் பத்து நிமிஷம் ஒப்பந்தம் பேசுங்கள். ஒரு பக்கத்தில், பாட்டிக்கும் புரிகிற தமிழில் அச்சடித்து வையுங்கள்: செஷன் 50 நிமிஷம், பீஸ் எவ்வளவு, வராவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், பேசியது வெளியே போகாது. கடைசி வரியோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். எப்போது போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ரகசியத்தைக் காப்பது 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் உள்ள உரிமை. உயிருக்கு ஆபத்து, மற்றவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு ஆகியவை விலக்குகளில் அடங்கும். பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை வரலாம். "வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா" என்று ஒரு பெண்பிள்ளை கேட்கும்போது வாய் தவறிக்கூட சத்தியம் செய்துவிடாதீர்கள்.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அது இப்ப வீட்ல இருக்கா?" மூன்றுக்கும் ஆம் என்றால் அன்றைக்கு தெரபி கிடையாது. குடும்பத்தைக் கூப்பிட்டு, பூச்சிமருந்தையோ மாத்திரை டப்பாவையோ வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி, மனநல டாக்டரிடம் அன்றே அனுப்ப வேண்டும். ராத்திரி நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதிக் கொடுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று நடுங்கும் குடும்பத்திடம் அதே 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

படி 8: காசு

சமூகப்பணி படித்தவர்களுக்குக் காசு கேட்க நாக்கு எழாது. இரண்டு வருஷம் ஏழைகளோடு வேலை செய்துவிட்டு வந்து, ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பணமா என்று கூசும். நான் முதல் மாதம் 300 ரூபாய் என்று வைத்து, அதையும், "இருக்கிறத குடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். வந்தது நாலு பேர், வாடகைக்குக்கூடக் காணவில்லை. வேலையை ஒரேயடியாக விடாமல், சாயங்காலம் மட்டும் அறையைத் திறந்திருந்தால் அந்த வருஷம் நகையை அடகு வைத்திருக்க மாட்டேன். நீங்கள் அப்படியே செய்யுங்கள்: கையில் ஆறு மாத வாடகை, வாரத்தில் மூன்று சாயங்காலம், பகலில் சம்பள வேலை. ஆனால் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களை உங்கள் அறைக்கு இழுக்காதீர்கள். அது தப்பு, சிறிய ஊரில் இரண்டே வாரத்தில் நாறியும்விடும்.

பீஸை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் வாயால் சொல்லும் சங்கடம் இல்லை. பத்தில் இரண்டு இடத்தைக் குறைந்த பீஸுக்கு ஒதுக்குங்கள். நிரம்பிவிட்டால் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு, டாக்டர் பெயர், கிழமை எல்லாம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். கம்பெனிக்காரர்கள் ஊழியர்களை அனுப்பினால் 10% டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், எனவே முதல் வருஷமே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்துக்குச் செலவழித்த பணத்தில் எனக்கு ஒரு ஆள்கூட வந்ததில்லை. ஒரு பழைய ஸ்கூட்டியில் போய் மூன்று மனநல டாக்டர்கள், இரண்டு குழந்தை டாக்டர்கள், ஒரு குடும்பநல வக்கீல், நாலு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள் என்று பார்த்துக் கார்டு கொடுத்தேன். அவர்கள் அனுப்புகிற ஒவ்வொருவருக்கும், கிளையன்ட் சம்மதித்தால், ஐந்து வரியில் பதில் கடிதம் போட்டுவிடுவேன். இன்று வருகிறவர்களில் முக்கால்வாசி அந்தக் கடிதங்கள் கொண்டுவந்தவர்கள்தான். மீதிப் பேர் வாத்தியார் வீட்டு மாடிப்படியில் இறங்கிப்போனவர்களின் சொந்தக்காரர்கள்.