டிக்கட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் மருமகன் டோஹாவுக்குப் புறப்பட்டபோது டிக்கட்டைப் பார்த்த மாமி, "நாலு மணிக்கு ஏறி ஆறரைக்கு இறங்குறானாம், ரெண்டரை மணித்தியாலம்தானே" என்றார். உண்மையில் ஐந்து மணித்தியாலம். டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டோஹா இருக்கும் கட்டார் நம் இலங்கையைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். சென்னைக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு இடத்திலும் ஒரே நேரம்.

பறக்கும் நேரத்தை மனக்கணக்காகவே போடலாம். வான்வழித் தூரத்தை 800ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். கொழும்பு–டோஹா ஏறத்தாழ 3,700 கிலோமீற்றர். நாலரையும் அரையும் ஐந்து. சென்னை 700 கூட வராது, ஒன்றரைக்குள் முடிந்துவிடும்.

மட்டக்களப்பாருக்குப் பெரிய பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதுதான். சுமார் 300 கிலோமீற்றர், வான் வண்டியில் ஏழு மணித்தியாலம் வையுங்கள். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்கவும் வேண்டும். 15ஆம் திகதி அதிகாலை ஒரு மணி விமானம் என்றால் 14ஆம் திகதி பகல் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டும். திகதியைக் குழப்பி, மறுநாள் வான் பிடித்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள்!